துன்ப காலத்தில் வேதத்தை எப்படி வாசிப்பது: புலம்பலில் தொடங்கும் நம்பிக்கைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒரு பெரிய துன்பம் வந்துவிட்டால் நம்மில் பலர் வேதாகமத்தை எடுத்து, கண்ணை மூடி, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைப்போம். இல்லையென்றால் புதுவருஷ ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையைத் தேடி எடுத்து மறுபடி மறுபடி வாசிப்போம். சில நாள் அது தாங்கும். ஸ்கேன் ரிப்போர்ட் மறுபடியும் மோசமாக வரும் நாளில் அதே வசனத்தைப் பார்க்கவே மனம் வராது. 'எனக்கு விசுவாசம் போய்விட்டதோ' என்ற பயமும் அப்போது சேர்ந்துகொள்ளும்.

விசுவாசம் எங்கும் போகவில்லை. நாம் வாசிக்கிற வரிசைதான் மாறிக் கிடக்கிறது. துன்பப்படுகிறவனை வேதம் நடத்துகிற விதத்தைக் கவனித்துப் பார்த்தால் ஒரு வரிசை தெரியும். முதலில் அவனைச் சாப்பிட வைக்கிறது, தூங்க வைக்கிறது. பிறகு அழவும் முறையிடவும் விடுகிறது. வாக்குத்தத்தத்தை அதற்கு அப்புறம்தான் கையில் கொடுக்கிறது. அழுகையைத் தாண்டிக் குதித்து வாக்குத்தத்தத்தைப் பிடிக்கப் பார்க்கும்போதுதான் அது கையில் நிற்காமல் நழுவுகிறது.

கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே போகின்றன. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) முதலான சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து வசனங்களை எடுத்திருக்கிறேன். 1995-இல் வந்த திருவிவிலியத்தை வைத்திருப்பவர்கள் சங்கீதங்களைத் 'திருப்பாடல்கள்' என்ற தலைப்பில் காணலாம்.

முதல் படி: உடம்பைப் பாருங்கள்

1 ராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கிய அத்தனை பெரிய வெற்றியைக் கண்ட தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேலின் ஒரே மிரட்டலில் உயிருக்குப் பயந்து பெயெர்செபாவுக்கு ஓடுகிறார். வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, தனியாக ஒருநாள் வழி வனாந்தரத்தில் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்."

இந்த ஜெபத்துக்கு வந்த பதிலைக் கவனியுங்கள். கண்டிப்பு வரவில்லை. 'நேற்றுத்தானே அக்கினி இறங்கியதைப் பார்த்தாய்' என்ற கேள்வியும் வரவில்லை. ஒரு தூதன் அவரைத் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் மறுபடி வந்து எழுப்பி மறுபடி சாப்பிட வைக்கிறான். அதற்குப் பிறகு நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பின்தான் "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று கர்த்தர் பேச்சைத் தொடங்குகிறார். எலியா தன் மனக்குறையை இரண்டு முறை அதே வார்த்தைகளில் கொட்டுகிறார். இரண்டு முறையும் கர்த்தர் கேட்கிறார். பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடங்காத ஏழாயிரம் பேர் மீதியாக இருக்கிறார்கள் என்ற செய்தி கடைசியில்தான் வருகிறது. சூரைச்செடியின் கீழேயே அதைச் சொல்லியிருந்தால் அவர் காதில் ஏறியிருக்காது.

ஆகவே, நெருக்கடியின் முதல் நாட்களில் நீண்ட உபவாசத்தையும் இராமுழுவதும் ஜெபத்தையும் உங்கள்மேல் சுமத்திக்கொள்ளாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். யாராவது சமைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனநல மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பவுலோடு பயணம் செய்த லூக்காவை அவரே "பிரியமான வைத்தியன்" என்றுதான் கொலோசெயருக்கு எழுதுகிறார். எலியாவைப் போல வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், இந்தக் கட்டுரையை அப்படியே வைத்துவிட்டு உடனே ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் கிடையாது.

இரண்டாம் படி: விரலை வைக்காமல், ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

கண்ணை மூடித் திறப்பதில் பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் திறக்கும் பக்கத்தில் லேவியராகமத்தின் குஷ்டரோகப் பிரமாணம் வந்தால் அவள் என்ன நினைப்பாள்? நொந்த மனம் எதையும் தனக்கு எதிரான தீர்ப்பாகவே வாசிக்கும். அதனால் உங்கள் துன்பம் எது என்று பார்த்து, அதே துன்பத்தில் இருந்த ஒருவர் பாடிய சங்கீதத்தைத் தேடுங்கள்.

நோயில் படுத்திருந்தால் 6-ஆம் சங்கீதம். "என் பெருமூச்சினால் இளைத்துப்போனேன்" என்று அது உங்கள் கட்டிலிலிருந்தே பேசும். கூடப் பழகியவரே முதுகில் குத்தியிருந்தால் 55. "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" என்ற வரியில் அந்த வலி முழுவதும் இருக்கிறது. அநியாயம் செய்தவன் நன்றாக வாழ்கிறான், நான் மட்டும் ஏன் இப்படி என்று வயிறெரிந்தால் 73. சொந்தத் தவறு நெஞ்சை அறுத்தால் 51. வயதாகிவிட்டது, பிள்ளைகள் தூரத்தில், கேட்க ஆளில்லை என்றால் 71. "முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்." எது என்று புரியாத பாரம் என்றால் 42-ஐயும் 43-ஐயும் சேர்த்து வாசியுங்கள். இரண்டிலும் ஒரே பல்லவி வருகிறது.

ஒன்றை மட்டும் எடுங்கள். அதிலேயே ஒரு வாரம் இருங்கள். மனம் கலங்கியிருக்கும்போது தினம் மூன்று அதிகாரம் என்ற வருஷ அட்டவணையைத் துரத்த வேண்டாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: முறையிடுகிற சங்கீதத்தை அதன் வேகத்திலேயே வாசியுங்கள்

நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். நம் ஆராதனைகளில் துதிப் பாட்டுகளே அதிகம் ஒலிப்பதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. இந்த வகையின் அமைப்பைப் புரிந்துகொள்ள 13-ஆம் சங்கீதத்தைவிடச் சிறந்த இடம் கிடையாது. ஆறே வசனம்.

முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" முதல் குற்றச்சாட்டே தேவன்மேல்தான். அடுத்தது தன் மனதைப் பற்றி: ஓயாத சஞ்சலம், ஓயாத யோசனை. அதற்குப் பிறகுதான் சத்துரு வருகிறான். தேவன், தன் மனது, வெளியே இருப்பவன் என்று வலிக்கிற மூன்று இடத்தையும் அதைப் பாடிய தாவீது ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுகிறார். மூன்றாம் நான்காம் வசனங்கள் விண்ணப்பம். "நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்." என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று நேராகக் கேட்கிறார். ஐந்தாம் வசனத்தில் திடீரென்று தொனி மாறுகிறது. "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்."

நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? சத்துரு தோற்றதாகவோ நோய் தீர்ந்ததாகவோ ஒரு வார்த்தையும் இல்லை. நிலைமை அப்படியே இருக்கிறது. மனதில் இருந்ததைக் கேட்க வேண்டியவரிடமே முழுக்கக் கொட்டியாகிவிட்டது என்பதுதான் மாறியிருக்கிறது. இந்தச் சங்கீதம் தரும் நம்பிக்கை அந்த இடத்தில் பிறக்கிறது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். தேவனிடம் இப்படிப் பேசலாமா? இஸ்ரவேலர் முறுமுறுத்ததற்காகத் தண்டிக்கப்படவில்லையா? 106-ஆம் சங்கீதம் அவர்கள் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்ததாகச் சொல்கிறது. அவர்கள் தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள். சங்கீதக்காரனோ தேவனோடு பேசுகிறார், அதுவும் முகத்துக்கு நேராக. கோபம் இருந்தாலும் பேச்சு அறுந்துபோகவில்லை. புருஷன் பெண்சாதிக்குள் சண்டை வந்தால்கூட, பேசித் தீர்ப்பதற்கும் பேசாமல் இருந்துகொண்டு ஊரெல்லாம் சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நமக்குத் தெரியும்.

வாசிக்கும் முறை இதுதான். முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றாம் இரண்டாம் வசனங்களை மட்டும் வாசியுங்கள். வாய்விட்டு, மெதுவாக. ஒவ்வொரு "எதுவரைக்கும்" என்ற இடத்திலும் நிறுத்துங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும். ஐந்தாம் வசனத்துக்கு ஓடாதீர்கள். அடுத்து விண்ணப்ப வசனங்கள். அதன் பிறகு கடைசி இரண்டு வசனங்கள். வார முடிவில் ஆறையும் சேர்த்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். முதல் நாளில் ஒட்டாத ஐந்தாம் வசனம் இப்போது கொஞ்சமாவது உங்கள் வாயில் நிற்கும். நிற்கவில்லை என்றாலும் குற்றமில்லை. இன்னொரு வாரம் இருங்கள்.

42-ஆம் சங்கீதத்திலும் இப்படி நின்று வாசிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. "உமது மதகுகளின் இரைச்சலால் ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது; உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது." 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் கடல் உள்ளே வந்த காலை அது. அந்தக் கரைகளில் வாழ்கிறவர்களுக்கு இந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. பாடினவர் "உமது அலைகள்" என்றே சொல்கிறார். தன்னை மூழ்கடித்த அலையைக்கூடத் தேவனிடமே கொண்டுபோய், இது உம்முடையதுதானே என்று கேட்கிறார். அதற்கு அடுத்த வசனத்திலேயே இராக்காலத்தில் அவரைப் பாடும் பாட்டு தன் வாயில் இருக்கும் என்கிறார். இந்த இரண்டையும் ஒரே மனிதன் அடுத்தடுத்துச் சொல்ல வேதம் இடம் கொடுத்திருக்கிறது.

நான்காம் படி: உங்கள் சொந்த முறையீட்டை எழுதுங்கள்

இதைச் செய்யப் பலர் கூச்சப்படுவார்கள். செய்தவர்கள் விடமாட்டார்கள். ஒரு நோட்டில், 13-ஆம் சங்கீதத்தின் வரிசையிலேயே எழுத வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுவது, குறையைச் சொல்வது, வேண்டியதைக் கேட்பது, கடைசியில் இதற்கு முன் அவர் செய்த ஒரு நன்மையை நினைப்பது. சங்கீத நடையில் எழுத முயல வேண்டாம். வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். கடனில் தவிக்கும் ஒரு குடும்பத்தலைவர் இப்படி எழுதலாம்:

'ஆண்டவரே, எதுவரைக்கும் அந்த பைனான்ஸ்காரர் காலையில் வாசலில் வந்து நிற்பார்? பிள்ளைகள் பார்க்க எதுவரைக்கும் நான் தலைகுனிந்து நிற்பேன்? ராத்திரி வட்டிக் கணக்குப் போட்டே விடிந்துவிடுகிறது. நீர் எங்கே இருக்கிறீர் என்று தெரியவில்லை. இந்த மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு வழி காட்டும். உதவி கேட்க நான் கூச்சப்படும் என் அண்ணனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் திறக்கச் செய்யும். அப்பா இறந்த வருஷம் நாங்கள் தெருவில் நிற்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.'

இதில் அலங்காரம் இல்லை. பொய்யும் இல்லை. கேட்டிருப்பதும் நாளைக்கே செய்து பார்க்கக்கூடிய காரியம். எழுதியதன் மேல் தேதி போடுங்கள், யாரிடமும் காட்ட வேண்டாம். பிறகொரு நாள் திருப்பிப் பார்க்கும்போது, எது மாறியது, எது மாறவில்லை என்று உங்கள் கையெழுத்தே சொல்லும்.

ஜெபிக்கவே முடியாதபோது

சிலருக்கு ஐந்தாம் வசனம் வரவே வராது. அவர்களுக்காக 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. மற்ற முறையீடுகள் பெரும்பாலும் எங்காவது ஒரு வெளிச்சத்தில் முடியும். இதுவோ இருட்டிலேயே முடிகிறது. சிநேகிதனும் தோழனும் தூரமாகிப்போனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. யாரும் அதற்கு ஆறுதலான ஒரு முடிவுரையைச் சேர்க்கவில்லை. ஆலயத்தில் பாடுவதற்கென்று தொகுத்த புத்தகத்தில் இப்படியொரு பாட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் முதல் வரியையும் பாருங்கள்: "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும்பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்." கூப்பிடுவது நிற்கவில்லை. உங்களிடம் இவ்வளவுதான் மிச்சம் என்றால் இதுவும் ஜெபம்தான்.

அதற்கும் முடியாவிட்டால், சும்மா இருங்கள். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. இயேசுவே சிலுவையில் சொந்தமாக வார்த்தை தேடவில்லை. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி.

ஐந்தாம் படி: இப்போது வாக்குத்தத்தத்தை எடுங்கள், அதிகாரத்தோடு

நம் வீட்டுச் சுவர்களிலும் காலண்டர்களிலும் அதிகம் தொங்கும் வசனங்களில் எரேமியா 29:11 ஒன்று. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." வேலைக்கான நேர்முகத்துக்குப் போகும் பிள்ளைக்கும், திருமணம் தள்ளிப்போகும் பெண்ணுக்கும் இதையே சொல்லி அனுப்புகிறோம். வேலை கிடைக்காதபோது, அந்தப் பிள்ளை தேவன் வாக்குத் தவறிவிட்டார் என்றோ, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்றோ முடிவு கட்டுகிறது. இந்தக் காயத்தை நாம் தவிர்க்கலாம். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால் போதும்.

அது ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா எருசலேமின் ராஜாவையும் பெரியோரையும் தொழிலாளரையும் சிறைபிடித்துக்கொண்டு போன பிறகு, அங்கே இருந்தவர்களுக்கு எரேமியா எழுதியது. அந்தச் சமயத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க இனிப்பான செய்தி. எரேமியா அதை மறுத்து எழுபது வருஷம் என்றார். நாற்பது வயதுக்காரர் ஒருவர் அந்தக் கடிதத்தைக் கேட்டிருந்தால், எருசலேமைத் தான் இனிப் பார்க்கப்போவதில்லை என்று அப்போதே அவருக்குப் புரிந்திருக்கும்.

அப்படியானால் அவருக்கு அதில் நம்பிக்கை எங்கே? ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது. "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே. பதினோராம் வசனம் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. நினைத்தது உடனே கைகூடும் என்ற உத்தரவாதத்தை அது தரவில்லை. அந்நிய மண்ணில், நீண்ட காத்திருப்பில் இருக்கும்போதே கர்த்தர் நம்மை மறக்கவில்லை, அதனால் இங்கேயே மரம் நடலாம் என்ற தைரியத்தைத் தருகிறது. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போகிறவருக்கும், சொந்த ஊர் திரும்ப முடியாமல் வேற்று நாட்டில் தங்கிவிட்டவருக்கும், சுவரில் தொங்கும் ஒற்றை வரியைவிட இந்த முழுக் கடிதம் அதிகம் கொடுக்கும்.

எந்த வாக்குத்தத்தத்தையும் இப்படியே அணுகுங்கள். யார் யாருக்குச் சொன்னது, அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள், முந்தைய பத்து வசனமும் பிந்தைய பத்து வசனமும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். தொடர்புள்ள வசனங்களை அடிக்குறிப்பில் காட்டும் ஒத்தவாக்கிய வேதாகமம் இருந்தால் இன்னும் சுலபம். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பவுல் எழுதியது காவலில் கட்டப்பட்டிருந்த காலத்தில். முந்தைய வசனத்தில் திருப்தியோடு பட்டினியையும், நிறைவோடு குறைவையும் பற்றிப் பேசுகிறார். புதுவருஷ அட்டையைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அதில் உள்ள அதிகாரத்தைத் திறந்து, அதை ஒரு வாசலாக வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

ஆறாம் படி: மனதில் வைப்பதற்கு ஒன்று

புலம்பல் புத்தகத்தில் ஐந்து அதிகாரங்கள். கி.மு. 586-இல் எருசலேம் தீக்கிரையான பின் பாடியது. எபிரெய எழுத்துகள் இருபத்திரண்டு. முதல் நான்கு அதிகாரங்கள் அந்த எழுத்து வரிசையிலேயே போகின்றன. மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வசனம், மொத்தம் அறுபத்தாறு. தெருவில் குழந்தைகள் பசியால் மயங்கிக் கிடந்ததைப் பார்த்த ஒருவர், அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒழுங்காகச் சொல்லி அழுதிருக்கிறார்.

அந்த மூன்றாம் அதிகாரத்தின் பதினெட்டாம் வசனத்தில், "நான் கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று" என்கிறார். இருபத்தோராம் வசனத்தில், "இதை என் மனதிலே வைத்து, நம்பிக்கை கொண்டிருப்பேன்." இடையில் இரண்டே வசனம். எதை மனதில் வைத்தார்? அடுத்து வருவது நமக்கு மனப்பாடமான வரி: "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்." எரிந்த நகரத்தின் நடுவில் நின்று, தெரிந்தே ஒன்றை மனதுக்குக் கொண்டுவருகிறார். புத்தகம் இந்த உயரத்தில் முடியவும் இல்லை. மறுபடி அழுகைக்கு இறங்கி, ஒரு கேள்வியோடு நிற்கிறது. நல்ல நாள் ஒன்று வந்து, மறுநாள் மறுபடி உடைந்துபோனால், நீங்கள் பின்வாங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். புலம்பலும் அப்படித்தான் ஏறி இறங்குகிறது.

ஆகவே ஒரு வசனத்தை, ஒன்றே ஒன்றை, மனப்பாடம் செய்யுங்கள். துன்ப நேரத்தில் நினைவு சரியாக நிற்காது என்பதால் சிறியதாக இருக்கட்டும். ராத்திரி விழித்துக்கொள்கிறவர்களுக்கு 121-ஆம் சங்கீதத்தின் "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" போதும். நாம் உறங்கலாம், அவர் விழித்திருக்கிறார். 120 முதல் 134 வரையிலான பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள், அதாவது யாத்திரைப் பாட்டுகள். 132 தவிர எல்லாமே சிறியவை. ஆஸ்பத்திரி வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றை வாசித்து முடித்துவிடலாம். வாசிக்கக் கண் ஒத்துழைக்காவிட்டால் போனில் ஆடியோ வேதாகமத்தை மெதுவாக ஓடவிடுங்கள். பாட்டும் உதவும். சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் கற்ற கீர்த்தனை, வேறெதுவும் நினைவில்லாத நேரத்திலும் வாயில் வரும்.

ஏழாம் படி: ஒரு முழுக் கதையை ஒரே அமர்வில்

கொஞ்சம் மூச்சு வந்த பிறகு ரூத் புத்தகத்தை வாசியுங்கள். நான்கே அதிகாரம், அரை மணி நேரம்கூட ஆகாது. பெயர் ரூத்தினுடையது. துன்பம் நகோமியினுடையது. பஞ்சம் பிழைக்கப் போன மோவாப் தேசத்தில் கணவரையும் இரண்டு மகன்களையும் புதைத்துவிட்டு பெத்லகேமுக்குத் திரும்பி வருகிறாள். ஊரே கூடி 'நகோமிதானா இது' என்று கேட்கும்போது, இனி என்னை மாராள் (கசப்பு) என்று சொல்லுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்கிறாள். கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்கிறாள். அப்போது பக்கத்தில் ரூத் நிற்கிறாள்! அவளைக்கூட அந்த நேரத்தில் நகோமியால் கணக்கில் சேர்க்க முடியவில்லை. துக்கம் அப்படித்தான் கண்ணை மறைக்கும். வேதம் அதற்காக அவளைக் குறை சொல்லவில்லை.

இந்தக் கதையில் தூதன் வருவதில்லை. தரிசனம் இல்லை, அற்புதம் இல்லை. வாற்கோதுமை அறுப்பு தொடங்குகிறது. மருமகள் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். சாயங்காலம் தட்டிப் புடைத்துக் கொண்டுவந்ததை மாமியார் பார்க்கிறாள், ஒரு மரக்கால் அளவு. எங்கே பொறுக்கினாய் என்று விசாரிக்கிறாள். அந்த விசாரிப்பில்தான் நகோமி மறுபடி உயிரோடு பேசத் தொடங்குகிறாள். உங்கள் வாழ்க்கையிலும் நம்பிக்கை இப்படி ஒரு தானிய மூட்டையாக வந்து வாசலில் இறங்கியிருக்கலாம். வாசித்து முடித்ததும் நோட்டில் எழுதுங்கள்: இந்த வாரம் யார் எதைக் கொண்டுவந்தார்கள்? போன் செய்தவர், ரத்தம் கொடுத்தவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போனவர். பெயரோடு எழுதுங்கள்.

மற்றவர்கள் வசனத்தோடு வரும்போது, நீங்கள் மற்றவரிடம் போகும்போது

வேதத்தைத் தனியாக மட்டும் வாசித்துக் கரையேற முடியாது. நம்பக்கூடிய ஒருவரோடு, போதகரோ சிநேகிதியோ, வாரம் ஒரு முறையாவது ஒரு சங்கீதத்தைச் சேர்ந்து வாசியுங்கள். ஆனால் வருகிற எல்லாரையும் கேட்க வேண்டியதில்லை. 'ஏதோ பாவம் இருக்கும், ஆராய்ந்து பாருங்கள்' என்று சொல்லிப்போகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்ததுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்ததுமல்ல என்றார் இயேசு. யோபுவின் சிநேகிதர்கள் சொன்னதில் பாதி, தனியாக எடுத்துப் பார்த்தால் அழகான உபதேசம். ஆனாலும் யோபு அவர்களை "காரியத்துக்குதவாத வைத்தியர்கள்" என்றார். கடைசி அதிகாரத்தில், யோபுவைப் போல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று தேவன் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார். அத்தனை முறையிட்ட யோபுவின் மேல் இல்லை.

அந்தச் சிநேகிதர்கள் சரியாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் ஏழுநாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டுக்கோ வார்டுக்கோ போகும்போது அங்கிருந்து கற்றுக்கொள்ளுங்கள். ரோமர் 8:28-ஐ, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்பதை, துன்பப்படுகிறவர் தானாகச் சொல்லலாம். அடக்கத்தன்று நாம் போய்ச் சொல்லக் கூடாது. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் மரியாளோடு அழுதார்.

வாசிக்கத் தோன்றினால் 'ஒரு சங்கீதம் வாசிக்கட்டுமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் 23-ஆம் சங்கீதம், ஆறு வசனம், விளக்கம் சேர்க்காமல். "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்ற இடத்தில் சற்று நிறுத்துங்கள். நோயாளி கூடச் சொன்னால் அவர் வேகத்துக்குக் குரலைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜெபம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். முடிந்ததும், இன்றைக்கு ராத்திரி துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். யாரும் மாற்றிவிட வரவில்லை என்றால், அவர் மனைவியை வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வரச் சொல்லி, அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.